விபி6 இன்னும் எத்தனை நாள்?

விஷுவல் பேசிக் 6 (சுருக்கமாக விபி6) வெளிவந்தது 1998இல். நிரல் எழுதும் அந்தக் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே முடித்துக்கொண்டது. ஆனால் அதில் எழுதிய மென்பொருள்கள் விண்டோஸ் 11இலும் ஓடுகின்றன. அவை ஓடத் தேவையான ரன்டைம் கோப்பு விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. அந்த விண்டோஸுக்கு ஆதரவு இருக்கும்வரை இந்தக் கோப்புக்கும் உண்டு.

சரி, அப்புறம்? அங்கேதான் எனக்குக் கவலை. கோட் கையில் இருந்தாலும் ஒரு வரி மாற்ற அந்தப் பழைய கருவியே வேண்டும். கோடை 64 பிட் மென்பொருளாக மாற்றவும் (கம்பைல் செய்யவும்) அதில் வழியில்லை.

ஆனாலும் விபி6 சுலபமானது. ஃபார்மில், அதாவது மென்பொருளின் திரையை வடிவமைக்கும் இடத்தில், ஒரு பட்டனை இழுத்து வைத்து, இரட்டை கிளிக் செய்து, உடனே கோட் எழுதலாம். அந்த வேகம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

விபி6 வைத்திருப்பவர்கள் இன்ஸ்டாலரையும் ஓசிஎக்ஸ் கோப்புகளையும் (ஃபார்மில் சேர்க்கும் கூடுதல் பாகங்கள்) இப்போதே பத்திரப்படுத்துங்கள். வெளி நிறுவனங்கள் செய்த ஓசிஎக்ஸ் தொலைந்தால் திரும்பக் கிடைப்பது ரொம்பக் கஷ்டம்.