தாத்தாவின் பிளைமவுத் இன்ஜினுக்கு ஒரு ஸ்டாண்டு: நான்கு ஞாயிற்றுக்கிழமைகள்

முதல் ஞாயிறு

காவேரிப்பட்டணம் மாந்தோப்புக் கொட்டகையிலிருந்து இன்ஜின் ஒருவழியாகக் கிருஷ்ணகிரி வந்து சேர்ந்தது. 1947 பிளைமவுத் காருடையது, ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில், 217.8 கன அங்குலம். லிட்டரில் சொன்னால் 3.6-ஐ ஒட்டி வரும். பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்), ஹெட் (அதன் மேல்மூடி) இரண்டும் வார்ப்பிரும்பு. கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல், பெல் ஹவுசிங் எல்லாம் கழற்றிய பிறகும் தொங்கு தராசில் 248 கிலோ காட்டியது.

இங்கே லாரிப் பட்டறைகளில் பழைய டயர் மேல் இன்ஜினை உட்கார வைத்தே வேலையை முடித்துவிடுவார்கள். நான் ஞாயிறு மட்டும் வேலை செய்கிறவன். இந்த இன்ஜினில் வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு வாரம் பக்கவாட்டில் பார்க்க வேண்டும், இன்னொரு வாரம் கவிழ்த்து அடியில் சுழலும் கிராங்க் தண்டைப் பார்க்க வேண்டும். சுற்றுகிற ஸ்டாண்டு இல்லாமல் ஆகாது. 450 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்த மூன்று சக்கர ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வந்தேன். ஒற்றைக் கம்பம், அதன் தலையில் ஒரு பிளேட்; பிளேட்டின் கைகள் இன்ஜினைப் பின்முகத்தில் மட்டும் பிடிக்கும். 248-க்கு அது தாராளம் என்று நம்பினேன்.

இரண்டாம் ஞாயிறு

இன்ஜினைத் தூக்கியிருந்த செயின் பிளாக்கை (சங்கிலிக் கப்பி) கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பாரத்தை ஸ்டாண்டுக்கு விட்டேன். முழுப் பாரமும் இறங்கும் முன்பே கம்பம் முன்பக்கம் வணங்க ஆரம்பித்தது. இன்ஜினின் முன்முனையில் அளந்தால் 14 மில்லிமீட்டர் இறக்கம். டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பமும் அடிக்குழாயும் சேருகிற வெல்டிங் ஓரத்தில் சிவப்பு பெயின்ட் தலைமுடி அகலத்துக்குப் பிளந்து, உள்ளே இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நகத்தை ஓட்டினால் தட்டியது. உடனே செயினை இழுத்து இன்ஜினைத் தூக்கி டயர் மேல் இறக்கினேன். செயினைக் கழற்றாமல் வைத்திருந்ததால்தான் என் கால் தப்பியது.

பர்கூரில் கிரானைட் பாலிஷ் வேலை பார்க்கும் மாமாவுக்கு போன் போட்டேன். அவர் கேட்டது இதுதான்: "கிலோ கணக்கு அப்புறம் மாப்ளே. பாரம் பிளேட்டுல இருந்து எவ்ளோ தள்ளித் தொங்குது, அளந்தியா?"

அதை நான் அளக்கவே இல்லை. அன்று சாயங்காலமே அளந்தேன். ஒரே கொக்கியில் இன்ஜினைத் தொங்கவிட்டு, அது மட்டமாக நிற்கும்வரை கொக்கியை முன்னும் பின்னும் நகர்த்தினால் எடை மையம் கிடைத்துவிடும். பிளாக்கின் பின்முகத்திலிருந்து 34 செ.மீ. ஸ்டாண்டின் கைகள் இன்னும் 12 செ.மீ. தள்ளிப் பிடிக்கின்றன. ஆக 46. 248 கிலோவை 0.46 மீட்டரால் பெருக்கினால் 114 கிலோ-மீட்டர் முறுக்கம். அதே எடையில் குட்டையான வி8 (நாலு நாலாக இரண்டு வரிசை சிலிண்டர்) ஒன்று 30 செ.மீ. தள்ளித் தொங்கினால் 74-தான் வரும். கம்பத்தை முறிக்கிற விசை எனக்கு ஒன்றரை மடங்கு. ஸ்டாண்டில் எழுதிய கிலோ இந்தத் தூரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. நேர்வரிசை ஆறு, எட்டு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் இதை அளந்துவிட வேண்டும்.

கடையில் "ஓவர்லோடு பண்ணிட்டீங்க" என்று சொல்லித் திரும்ப எடுக்க மறுத்தார்கள். மனசு ஆறவில்லை. ஆனால் அதை இன்னொருவர் தலையில் கட்டவும் மனசு வரவில்லை. அறுத்துத் துண்டாக்கிப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

மூன்றாம் ஞாயிறு

ராயக்கோட்டை ரோட்டு வெல்டிங் பட்டறையில் இரண்டு முனையிலும் பிடிக்கிற மாதிரி ஒன்று செய்தோம். அடிச்சட்டம் 75-க்கு 40 மி.மீ. இரும்பு சேனல், அகலம் 90 செ.மீ. ஆறு அங்குல காஸ்டர் சக்கரம் நான்கு, அதில் இரண்டுக்கு பிரேக். முன்னும் பின்னும் 12 மி.மீ. பிளேட். இன்ஜினின் முன்முகத்தில் இருக்கும் டைமிங் கவரைக் கழற்ற வழி வேண்டுமே என்று முன் பிளேட்டின் நடுவை வெட்டித் திறந்துவிட்டோம்.

சுற்றும் மையத்தை எங்கே வைப்பது என்பதில்தான் அரை நாள் போனது. 1931-லேயே பிளைமவுத்காரர்கள் 'ஃபுளோட்டிங் பவர்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். இன்ஜினைக் காரில் தாங்கும் மவுண்டுகளில் முன் மவுண்டு மேலே, வாட்டர் பம்புக்குக் கீழே; பின் மவுண்டு தாழ்வாக. இரண்டையும் சேர்க்கும் கோடு இன்ஜினின் எடை மையம் வழியாகப் போகும். அதிர்வைக் குறைக்கச் செய்தது அது. எனக்கும் அதே யோசனை உதவியது. எடை மையம் சுற்றும் அச்சுக்கு மேலே இருந்தால் இன்ஜின் திடீரென்று கவிழ்ந்து கையை நசுக்கும். மிகவும் கீழே இருந்தால் திருப்பவே முடியாது. ஒரு விரல் அகலம் கீழே வைத்தோம். ஹெட்டையும் மேனிஃபோல்டையும் கழற்றினால் மையம் கிராங்க் பக்கம் இறங்கும் என்பதால் பிளேட்டில் நீள ஓட்டைகள் போட்டோம். திருப்புவதற்கு மாமா கொடுத்த பழைய வார்ம் கியர்பாக்ஸ். கைப்பிடியை விட்டாலும் தானாகச் சுற்றாது. இருந்தாலும் பூட்டு ஊசியைச் செருகாமல் நான் கை வைப்பதில்லை.

போல்டில் ஒரு எச்சரிக்கை. முன்பக்க ஓட்டைகள் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 இழை. கடையில் எம்10 (10 மி.மீ. மெட்ரிக் போல்ட்) கொடுத்தார்கள். ஓர் இழை ஏறியதும் இறுகியது, அதோடு நிறுத்தினேன். முறுக்கி ஏற்றியிருந்தால் வார்ப்பிரும்பு இழை பொடிந்து கையோடு வந்திருக்கும். அங்குல ஹை டென்சில் போல்ட்டுக்காக ஓசூர் வரை போக வேண்டியிருந்தது. ஓட்டையின் ஆழத்தை சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி விட்டு அளந்து, குறைந்தது 15 மி.மீ. உள்ளே ஏறுகிற நீளமாக எடுத்தேன்.

நான்காம் ஞாயிறு

முந்தின இரவே ஏற்றிவிட்டோம், செயினைத் தொய்வாகக் கோத்தபடியே. காலையில் நூல் கட்டிப் பார்த்தால் இறக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெல்டிங் ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன், எங்கும் பிளவு இல்லை. பிறகுதான் செயினைக் கழற்றினேன். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, எழுபது வருடத்துக்கும் மேலான அந்த இன்ஜின் சத்தமில்லாமல் கவிழ்ந்தது. ஆயில் பேன் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

பின் பிளேட் மறைப்பதால் பின்பக்க மெயின் சீலை (கிராங்க் தண்டின் ஆயில் கசிவுத் தடுப்பை) மட்டும் இன்ஜினை இறக்கிய பிறகுதான் மாற்ற முடியும். அடுத்த வாரம் ஆயில் பேனைத் திறக்கிறேன்.