ஹபோன்: ஒரு ஆற்றங்கரை ஊரும் அதன் குடும்பப் பெயரும்

செவில்யா நகரிலிருந்து குவாதல்கிவிர் ஆற்றோடு தெற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இறங்கினால் கோரியா தெல் ரியோ. சுமார் 30,000 பேர் வாழும் ஊர். அங்கே ஒரு குடும்பப் பெயர் சர்வசாதாரணமாகக் காதில் விழும்: ஹபோன். ஸ்பானிஷ் மொழியில் ஜப்பான் நாட்டுக்கே அதுதான் பெயர். நம் காதுக்கு 'மரியா ஜப்பான்', 'ஹுவான் ஜப்பான்' என்று ஒலிக்கும் பெயர்கள். ஊர் எல்லை தாண்டினால் ஸ்பெயின்காரர்களே ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளும் அளவுக்கு அரிதான பெயர்.

1614இல் வந்த ஜப்பானியத் தூதுக்குழுவில் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர்களின் வழிவந்தோர் நாங்கள் என்கிறது கோரியா. இதைப் பற்றி எழுதுகிற பலர் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அந்தப் பெயரை இன்று வைத்திருப்பவரின் உடம்பில் ஜப்பானிய இரத்தம் இருக்கிறதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சான்று பலமாக இருக்கிறது. இரண்டாவதில் ஒரு தலைமுறை அளவுக்கு ஏடு இல்லை. ஆகவே எண்ணிக்கையில் தொடங்கி, ஏடு ஏடாகப் பின்னால் நடந்து, அந்த இடைவெளியின் விளிம்பு வரை போவதுதான் சரியான வழி. எந்த அரிய ஸ்பானிஷ் பெயருக்கும் இதே வழி பொருந்தும்.

இனிஷியலோடு பழகிய நமக்கு ஒரு விளக்கம் தேவை. ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். தந்தையின் முதல் குடும்பப் பெயர் முன்னால் வரும், தாயின் முதல் குடும்பப் பெயர் பின்னால் வரும். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தங்கள் பெயரை மாற்றுவதில்லை. கொடிவழி தேடுகிறவருக்கு இது பெரிய வரம். ஆனால் மகள் வழியாகப் போகும் பெயர் அடுத்த தலைமுறையில் இரண்டாம் இடத்துக்கு இறங்கி, அதற்கடுத்த தலைமுறையில் காணாமல் போகும். அரிய பெயர்கள் அழிவது இப்படித்தான். 1999இல் பெற்றோர் வரிசையை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. 2017 முதல் எந்தப் பெயர் முன்னால் என்பதைப் பெற்றோரே பதிவின்போது சொல்ல வேண்டும். தாயின் அரிய பெயரை முன்னுக்குக் கொண்டுவந்து காப்பாற்ற இன்று வழி உண்டு.

எண்ணிக்கைக்கு ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் இணையதளம் போதும். குடியிருப்போர் பதிவேட்டை வைத்து ஒவ்வொரு குடும்பப் பெயரும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அது காட்டும். மூன்று எண்கள் வரும்: முதல் பெயராக வைத்திருப்பவர்கள், இரண்டாம் பெயராக வைத்திருப்பவர்கள், இரண்டு இடத்திலும் அதே பெயர் உள்ளவர்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். முதல் இரண்டை அப்படியே கூட்டினால் 'ஹபோன் ஹபோன்' என்று இருப்பவர் இரண்டு தடவை எண்ணப்படுவார். உதாரணத்துக்கு முதல் பெயராக 100, இரண்டாவதாக 90, இரண்டிலும் 4 என்று வைத்துக்கொண்டால், மொத்த ஆட்கள் 186. கோரியாவில் 600, 700 ஹபோன்கள் என்று செய்திகளில் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அது முதல் பெயர் மட்டுமா, இரண்டும் சேர்ந்ததா என்பதுதான்.

அடுத்த சிக்கல் வரம்பு. நாடு முழுவதும் 20 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பெயரை நிறுவனம் காட்டாது. மாகாண அளவில் 5 பேருக்குக் குறைந்தால் அந்த மாகாணம் வெறுமையாக வரும். வெறுமை என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விவரம் மாகாணத்தோடு நின்றுவிடும், ஊர் வரை இறங்காது. செவில்யா மாகாணத்தில் ஏறக்குறைய இருபது லட்சம் பேர் இருக்கிறார்கள். ஒரே ஊரில் குவிந்திருக்கும் பெயர் அந்தக் கடலில் கரைந்துவிடும். ஊர் அளவில் பார்க்கப் பழைய தொலைபேசிப் புத்தகமும் மாகாண அரசிதழில் வரும் பெயர்ப் பட்டியல்களும்தான் கை கொடுக்கும்.

வசிக்கும் மாகாணத்தையும் பிறந்த மாகாணத்தையும் தனித்தனியே பார்ப்பது அவசியம். 1950 முதல் 1975 வரை, செவில்யா அடங்கிய தென்பகுதியான அந்தலூசியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் வேலை தேடி பார்சிலோனாவுக்கும் மத்ரீதுக்கும் போனார்கள். நிறுவனத்தின் வரைபடத்தில் பார்சிலோனா கருமையாக, அதாவது எண்ணிக்கை மிகுந்ததாகத் தெரிகிறது என்பதற்காகப் பெயரின் வேர் கத்தலோனியாவில் என்று முடிவு கட்டினால் தவறு.

ஹபோன் விஷயத்தில் இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. ஈக்வடோர் நாட்டின் தெற்கே, லோஹா மாகாணத்தில் சராகுரோ என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடையேயும் ஹபோன் என்ற குடும்பப் பெயர் இருக்கிறது. 1990களின் இறுதியிலிருந்து ஈக்வடோர்காரர்கள் பெருமளவில் ஸ்பெயினுக்கு வேலைக்கு வந்தார்கள். சராகுரோ மக்களில் பலர் அல்மேரியா மாகாணத்தின் வேரா பக்கம் குடியேறினார்கள். குடியிருப்போர் பதிவேடு வெளிநாட்டவரையும் எண்ணும். பிறந்த நாட்டைப் பார்க்காமல் எண்ணினால் ஆண்டீஸ் மலைக்காரரும் சாமுராய் கணக்கில் சேர்ந்துவிடுவார். எழுத்து ஒன்று என்பதற்காக வேரும் ஒன்றாகிவிடாது.

சரி, ஒரு நாட்டின் பெயர் எப்படிக் குடும்பப் பெயர் ஆகும்? ஸ்பெயினில் அது வெகு சகஜம். நவாரோ (நவாரா பகுதிக்காரர்), கத்தலான் (கத்தலோனியாக்காரர்), அலெமான் (ஜெர்மானியர்), தொலேதோ (ஓர் ஊரின் பெயர்) எல்லாம் அந்த வகைதான். இதில் ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்வது அந்த ஊரை விட்டு வந்த பிறகு. தொலேதோவில் எல்லாரும் தொலேதோக்காரர்களாக இருக்கையில் யாரையும் அப்படிக் கூப்பிட வேண்டியதில்லை. கோரியாவில் ஒருவர் ஹபோன் எனப்பட்டார் என்றால், பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரை ஜப்பானோடு சேர்த்துப் பார்த்தார்கள் என்பது உறுதி.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. 1590களில், இன்றைய அர்ஜென்டினாவின் கோர்தோபாவில், அடிமையாக விற்கப்பட்ட பிரான்சிஸ்கோ ஹபோன் என்ற ஜப்பானியர் வழக்காடி விடுதலை பெற்றிருக்கிறார். 1613இல் லீமா நகரில் எடுத்த கணக்கெடுப்பிலும் ஜப்பானியர்கள் பதிவாகியிருக்கிறார்கள். ஞானஸ்நானப் பெயருக்குப் பின்னால் ஹபோன் என்று ஒட்டுவது அந்தக் காலத்து எழுத்தர்களின் வழக்கம். 1614இல் வந்த ஜப்பானியத் தூதர் ஹசெகுராவின் பெயரையே 'ஃபசெகுரா', 'ஃபாச்சிகுரா' என்று பலவிதமாக எழுதித் தடுமாறியவர்கள், கூட வந்தவர்களின் ஜப்பானியப் பெயர்களோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டார்கள்.

அந்தத் தூதுக்குழுவை அனுப்பியவர் செண்டாய் பகுதியின் பிரபு டாடே மசமுனே. 1613 அக்டோபர் 28 அன்று ஹசெகுரா சுனெனகாவும் செவில்யாவில் பிறந்த பிரான்சிஸ்கன் துறவி லூயிஸ் சொத்தேலோவும் கப்பலேறினார்கள். மெக்சிகோவின் அகாபுல்கோவில் இறங்கி, நிலம் கடந்து, வேறு கப்பல் பிடித்து, 1614 அக்டோபர் 5 அன்று ஆற்று முகத்துவாரமான சான்லூகரை அடைந்தார்கள். ஸ்பெயின் வரை வந்த ஜப்பானியர் சுமார் 30 பேர். செவில்யாவுக்குள் முறைப்படி நுழையும் முன் அவர்களைத் தங்கவைத்த ஊர்தான் கோரியா. 1615 ஜனவரி 30 அன்று மூன்றாம் பெலிப்பே மன்னரைச் சந்தித்தார்கள். பிப்ரவரி 17 அன்று ஹசெகுரா ஞானஸ்நானம் பெற்றார். பிறகு ரோமுக்குப் போய்ப் போப்பையும் பார்த்தார்கள். இதற்குள் ஜப்பானில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டுவிட்டது. 1617இல் ஹசெகுரா செவில்யாவை விட்டுக் கிளம்பியபோது சிலர் அவரோடு போகவில்லை. ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்கு ஊர் திரும்புவது உயிருக்கே ஆபத்து. சொத்தேலோவே பின்னர் 1624இல் ஜப்பானில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

தங்கியவர்களில் ஒருவருடைய கதை ஆவணத்தில் இருக்கிறது. தொமாஸ் பெலிப்பே ஹபோன் என்பவர் எக்ஸ்த்ரமதூரா பகுதியின் சாஃப்ரா ஊரில் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அவர் இவருக்குச் சூடு போட்டு அடிமையாக வைத்துக்கொள்ள, 1620களின் தொடக்கத்தில் மன்னரிடம் முறையிட்டு விடுதலை கேட்டார். பெயரின் கடைசியில் நிற்கும் அந்தச் சொல், பிறந்த நாட்டைக் காட்டும் அடையாளத்திலிருந்து குடும்பப் பெயராக மாறப்போகும் தறுவாயில் இருக்கிறது.

இனி இன்றிலிருந்து பின்னால் போவோம். ஸ்பெயினில் குடிமைப் பதிவு 1871 ஜனவரி 1 அன்று தொடங்கியது. பிறப்புச் சான்று கேட்கும்போது சுருக்கம் வேண்டாம், முழுப் பதிவின் நகல் வேண்டும் என்று தெளிவாக எழுத வேண்டும். கட்டணம் கிடையாது. முழுப் பதிவில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளின் பெயரும் பிறந்த ஊரும் இருக்கும். 1871இல் பிறந்த குழந்தையின் பதிவு ஒன்றே நம்மை 1810 வாக்கில் கொண்டுபோய் விட்டுவிடும். சுருக்கத்தை வாங்கினால் பெற்றோரோடு நின்றுபோவோம்.

அதற்கு முன்னால் பங்குக் கோயில் ஏடுகள், அதாவது ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நான, கல்யாணப் பதிவுகள். கோரியாவுக்கு சாந்தா மரியா தெ லா எஸ்த்ரேயா கோயில். அங்கே 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஹபோன்கள் தென்படத் தொடங்குகிறார்கள். பழைய ஏட்டைத் திறந்தால் சில விஷயங்கள் உடனே வழி மறிக்கும். பின்னட்டவணை பெரும்பாலும் குடும்பப் பெயர் வரிசையில் இருக்காது. குழந்தையின் பெயர் வரிசையில் இருக்கும். ஹுவான்கள், மரியாக்கள் அத்தனை பேரையும் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். குழந்தைக்குக் குடும்பப் பெயரே எழுதியிருக்க மாட்டார்கள். பெற்றோர், ஞானத்தந்தை பெயர்கள் மட்டும். அந்தக் குழந்தை பெரியவனாகி என்ன பெயரில் புழங்கினான் என்பது கல்யாணப் பதிவில்தான் தெரியும். அந்தக் காலத்தில் விதி இறுகியிருக்கவில்லை. ஒருவன் தந்தை பெயரையும், அவன் தம்பி பாட்டியின் பெயரையும் எடுத்துக்கொள்வது அந்தலூசியாவில் வழக்கம். இரட்டைப் பெயராக இருந்தால் ஒரு பதிவில் இரண்டும் வரும், அடுத்ததில் ஒரு பாதி காணாமல் போகும்.

எழுத்தும் மாறும். 1815க்கு முன் அந்த முதல் ஒலியை 'ஹோத்தா' (J) எழுத்தாலும் எழுதினார்கள், 'எக்கிஸ்' (X) எழுத்தாலும் எழுதினார்கள். 'எக்கிஸ்' வடிவத்தைத் தேடாதவருக்கு ஒரு நூற்றாண்டே கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று: 'நத்துரால்' என்றால் அந்த ஊரில் பிறந்தவர், 'வெசீனோ' என்றால் அந்த ஊரில் குடியிருப்பவர். இரண்டையும் ஒன்றாகப் படித்தால், வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளையை உள்ளூர்ப் பரம்பரையில் சேர்த்துவிடுவோம்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களைத் தேடுங்கள் என்பதுதான் இதில் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள யோசனை. நான்காம் படி வரை, அதாவது ஒரே எள்ளுப்பாட்டனைப் பகிர்ந்துகொள்பவர்கள் வரை, திருச்சபையின் அனுமதி இல்லாமல் அந்தக் காலத்தில் மணமுடிக்க முடியாது. அந்த விண்ணப்பத்தோடு மணமக்கள் இருவரின் கொடிவழியையும் வரைந்து இணைப்பார்கள். மேலே பொதுவான தம்பதி, அங்கிருந்து இரண்டு பக்கமும் கோடு இறங்கி, படிக்கு ஒரு பெயராக, அடியில் மணமக்கள். ஒரே தாளில் நான்கு தலைமுறை. அரிய பெயர் ஒரே ஊரில் குவிந்திருந்தால் இத்தகைய கல்யாணங்கள் இருந்தே தீரும். இந்தக் கட்டுகள் பங்கில் இருக்காது. செவில்யா பேராயத்தின் பொது ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும்.

1750களில் வரி விதிப்புக்காக எடுத்த என்செனாதா கணக்கெடுப்பையும் சிலர் நம்பிப் போவார்கள். அரசின் 'பாரேஸ்' என்ற ஆவண இணையதளத்தில் இலவசமாகக் கிடைப்பது ஊரைப் பற்றிய பொதுவான பதில்கள் மட்டும். குடும்பத் தலைவர்களின் பெயர்கள் வேறு தொகுதிகளில் உள்ளன. எஞ்சியிருந்தால் மாகாண அல்லது நகராட்சிக் காப்பகத்தில் இருக்கும்.

இப்படி வந்து நிற்கும் இடம் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அதற்கும் 1617க்கும் நடுவே சுமார் முப்பது ஆண்டு, ஏறத்தாழ ஒரு தலைமுறை. அந்த இடைவெளியில் வேறு விளக்கங்களும் நுழைய இடம் உண்டு. போர்த்துக்கீசிய வணிகத்தின் வழியாக ஆசிய அடிமைகள் 16ஆம் நூற்றாண்டிலேயே லிஸ்பனுக்கும் செவில்யாவுக்கும் வந்துவிட்டார்கள். முதல் ஹபோன் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். தங்கிவிட்ட ஜப்பானியர் ஞானத்தந்தையாக நின்று, அவர் பெயரை இரத்த உறவில்லாத குழந்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். பெயர் வேறு, இரத்தம் வேறு என்பது தூத்துக்குடிக் கரையில் ஃபெர்னாண்டோக்களையும் பெரைராக்களையும் அறிந்த நமக்குப் புதிதில்லை. ஆனாலும் தூதுக்குழு தங்கிய அதே ஊரில், அதே நூற்றாண்டில், இவ்வளவு செறிவாக இந்தப் பெயர் இருப்பதற்கு ஹசெகுராவின் ஆட்களே இயல்பான விளக்கம் என்பது என் கருத்து.

குழந்தைகளின் முதுகில் பிறவியிலேயே வரும் நீலத் திட்டைச் சான்றாகச் சொல்வதுண்டு. அது மத்தியதரைக் கடல் மக்களிடமும் காணப்படுவதுதான். ஊரைச் சுற்றிய நெல் வயல்களையும் காட்டுவார்கள். அந்தச் சதுப்பு நிலத்தில் நெல் பெரிதாகப் பரவியது 20ஆம் நூற்றாண்டில். மரபணுச் சோதனைக்காக நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோரியாவில் மாதிரிகள் எடுத்தார்கள். இது ஏன் எளிதல்ல என்று கணக்குப் போட்டாலே தெரியும். 400 ஆண்டுகளில் சுமார் 14 தலைமுறை. ஒரே ஒரு மூதாதையின் பங்கு சராசரியாக 16,384இல் ஒன்று. ஓர் ஆண் மூதாதையிடமிருந்து அறுபடாமல் வருவது, தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம் மட்டும். ஜப்பானிய ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உள்ள, அந்தக் குரோமோசோமின் டி வகை ஸ்பெயினில் இயல்பாகக் கிடையாது. ஒரு ஹபோனிடம் அது கிடைத்தால் பேச்சே இல்லை. கிடைக்காவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது. இடையில் எங்கோ ஒரு தாய் வழியாகப் பெயர் இறங்கியிருந்தாலே போதும்.

தேடலில் இறங்குகிறவர் இனிக் கை வைக்க வேண்டியது நோட்டரி பத்திரக் கட்டுகளில். நூறு ஆண்டு தாண்டிய பத்திரங்கள் மாகாண வரலாற்று ஆவணக் காப்பகத்துக்குப் போகும். 1617 முதல் 1650 வரை கோரியாவில் எழுதிய உயில், சீதனப் பட்டியல், படகு விற்பனை, வேலைப் பயிற்சி ஒப்பந்தம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கையெழுத்து ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்து ஓடும், பழக வாரக்கணக்கு ஆகும். பெயரை மட்டும் தேடாமல், ஒவ்வொரு பத்திரத்தின் முதல் மூன்று வரியில் 'நத்துரால் தெ' என்ற சொற்களுக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.