ஜிகாவாட் கணக்கும் மாலை ஏழு மணியும்

எரிசக்தித் துறைச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நிறுவுதிறன் (நிறுவப்பட்ட நிலையங்கள் முழு அளவில் தரக்கூடிய மின்சாரம்) என்ற சொல் சலித்துப்போயிருக்கும். இத்தனை ஜிகாவாட் சூரிய மின்சாரம் சேர்ந்தது, இத்தனை ஜிகாவாட் காற்றாலை வரப்போகிறது என்று தலைப்புகள் வந்தவண்ணம் இருக்கின்றன. அந்த எண்களில் பொய் கிடையாது. ஆனால் அவை சொல்லாமல் விடுவது நிறைய. ஒரு ஜிகாவாட் சூரியப் பூங்கா, இடத்தையும் வானிலையையும் பொறுத்து, ஆண்டுச் சராசரியாகத் தன் திறனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரையே தரும். நன்றாக இயங்கும் அணுமின் நிலையமோ பத்தில் ஒன்பது பங்கைத் தந்துவிடும். ஆகவே எவ்வளவு நிறுவினார்கள் என்று வாசித்த கையோடு, அந்த மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறது, எந்தக் கம்பி வழியாக வருகிறது, அது வந்ததால் எந்தக் கொதிகலன் அணைந்தது என்றும் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

விலை விஷயத்தில் பெரிய விவாதத்துக்கு இனி இடமில்லை. 1954இல் பெல் ஆய்வகத்தில் உருவான சிலிக்கான் சூரிய மின்கலம், தன் மீது விழுந்த ஒளியில் சுமார் 6 விழுக்காட்டை மட்டுமே மின்சாரமாக மாற்றியது; இன்று கூரைகளில் பொருத்தும் சாதாரணப் பலகைகள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. 2010க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் பலகையின் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது, லித்தியம் பேட்டரியும் அதே பாதையில் போனது. 1991இல் டென்மார்க்கின் விண்டபி கடலோரத்தில் அமைந்த உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையில் 11 காற்றாலைகள் சேர்ந்து சுமார் 5 மெகாவாட் தந்தன. இப்போது கடலில் நிறுத்தப்படும் பெரிய காற்றாலை ஒன்றே ஏறக்குறைய 15 மெகாவாட் தருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும், 2024இல் உலகம் எரித்த நிலக்கரி சுமார் 880 கோடி டன். அதுவரை எந்த ஆண்டிலும் அவ்வளவு எரிக்கப்பட்டதில்லை. அதே ஆண்டில் உலக மின்னுற்பத்தியில் நீர், அணு, காற்று, சூரியன் உள்ளிட்ட குறைந்த கார்பன் மூலங்களின் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டியது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடிவதற்குக் காரணம், புதிய மூலங்கள் பழையவற்றின் இடத்தைப் பிடிப்பதைவிட, கூடிக்கொண்டே போகும் தேவையை நிரப்புவதிலேயே பெரும்பாலும் செலவாகிவிடுகின்றன என்பதுதான். போதாக்குறைக்கு, மனிதர் இறுதியாகப் பயன்படுத்தும் ஆற்றலில் மின்சாரத்தின் பங்கே ஐந்தில் ஒன்றுதான். மீதமெல்லாம் பெரும்பாலும் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் நிலக்கரியாகவும் நேரடியாக எரிகிறது.

நிலக்கரியை உண்மையிலேயே விட்டொழித்த நாட்டுக்கு எடுத்துக்காட்டாகப் பிரிட்டனைச் சொல்வார்கள். 1882இல் லண்டனின் ஹோல்பர்ன் வயடக்டில் தொடங்கிய நிலக்கரி மின்சாரம், 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் அனல் மின் நிலையம் மூடப்பட்டதோடு அங்கே முடிவுக்கு வந்தது. 2012இல்கூட அந்நாட்டின் மின்சாரத்தில் சுமார் 40 விழுக்காடு நிலக்கரியிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் வேகம் வியப்பூட்டுகிறது. கார்பன் மீது 2013 முதல் விதிக்கப்பட்ட குறைந்தபட்ச விலையும் கடல் காற்றாலைகளும் இதைச் சாதித்தன என்று கேட்பது இனிமையாக இருக்கும். ஆனால் கணிசமான பங்கு இயற்கை எரிவாயுவுக்கும் உரியது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிவாயு வெளியிடும் கரியமில வாயு, நிலக்கரியைப் போல் ஏறத்தாழ பாதிதான். குழாய்களிலும் கிணறுகளிலும் கசியும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பதால், கசிவைச் சேர்க்காமல் எரிவாயுவைப் பாராட்டுபவர்களின் கணக்கை நான் ஏற்பதில்லை.

இனி அந்த மாலை ஏழு மணிக்கு வருவோம். சூரிய மின்சாரம் மிகுந்த மின்தொகுப்புகளில், அதாவது நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலைகளில், நண்பகலில் மின்சாரம் வழிகிறது. மொத்தச் சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போய், மின்சாரத்தை எடுத்துக்கொள்பவருக்கே பணம் தரும் நிலை வருகிறது. சூரியன் சாய்ந்ததும் வீடுகளில் விளக்கும் அடுப்பும் குளிர்சாதனமும் ஒன்றாக இயங்கத் தொடங்க, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பிற நிலையங்கள் மலையேறுவது போன்ற ஏற்றத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியா இதற்குப் பேட்டரிகளைக் குவித்தது. அங்கே பேட்டரிகளின் திறன் 2024இல் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் ஒரு மாலைப் பொழுதில் தொகுப்புக்கு மிக அதிகமாக மின்சாரம் தந்த மூலம் பேட்டரியாகவே இருந்தது. ஆயினும் இவை பெரும்பாலும் நான்கு மணி நேரம் தாங்கும் பேட்டரிகள். காற்றும் வெயிலும் வாரக்கணக்கில் மந்தமாகிவிடும் குளிர்காலத்தை இவற்றைக் கொண்டு கடக்க முடியாது. அங்கே தண்ணீரை மேலே ஏற்றிவைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையமோ அணு உலையோ எரிவாயுவோ துணைக்கு வந்தே ஆக வேண்டும்.

அதிகம் பேசப்படாத மற்றொன்று நொடிகளின் கணக்கு. ஒரு பெரிய மின் நிலையம் திடீரென்று துண்டிக்கப்பட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் தொகுப்பில் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள சுழலிகளும் மின்னாக்கிகளும் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில், எல்லாம் ஒரே தாளத்தில், சுழன்றுகொண்டிருக்கின்றன. ஒன்று விழுந்த கணமே மற்றவை தம் சுழற்சியில் தேங்கிய ஆற்றலைத் தொகுப்புக்குக் கொடுத்துச் சற்று வேகம் குறைகின்றன. அதிர்வெண் மெல்ல இறங்குகிறது. அந்தச் சில நொடி அவகாசத்தில் நீராவி வால்வுகள் திறந்து உற்பத்தி கூடுகிறது. சூரியப் பலகையில் சுழலும் எடை எதுவுமில்லை. அதன் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர் வழக்கமாகத் தொகுப்பின் தாளத்தைப் பின்பற்றுமே தவிர, தாளத்தைத் தானாகப் போட்டுக் கொடுக்காது. எனவே அனல் நிலையங்கள் விலக விலக, இலவசமாகக் கிடைத்துவந்த இந்த நிலைமத்தை, அதாவது சுழலும் எடை வேக மாற்றத்தை எதிர்க்கும் தன்மையை, பணம் கொடுத்து வாங்க வேண்டியதாகிறது.

தெற்கு ஆஸ்திரேலியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2016 செப்டம்பரில் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தபோது, பல காற்றாலைகள் தம் பாதுகாப்பு அமைப்புகளின் காரணமாக உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள, மாநிலம் முழுதும் இருளில் மூழ்கியது. மறு ஆண்டே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி நின்றது. பிறகு, எரிபொருள் எதையும் எரிக்காமல் நிலைமத்துக்காகவும் மின்னழுத்தத்துக்காகவும் சுழலும் நான்கு ஒத்தியங்கு கருவிகளும் நிறுவப்பட்டன. இன்று அங்கே மின்சாரத்தில் சுமார் 70 விழுக்காடு காற்றும் சூரியனும் தருவது. புதுப்பிக்கத்தக்க மின்சாரம் நம்பத்தகாதது என்று வாதிடுபவர்கள் 2016ஐ மட்டும் சொல்வார்கள். அதற்குப் பின் நடந்ததைச் சொல்லமாட்டார்கள்.

பின்னர் கம்பி. சர்வதேச எரிசக்தி முகமை 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 3,000 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின் திட்டங்கள் தொகுப்போடு இணைப்புக் கிடைப்பதற்காகக் காத்துக்கிடந்தன. சூரியப் பூங்காவை ஓரிரு ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். அதன் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் உயர் அழுத்த மின்பாதைக்கு நில அனுமதியிலிருந்து கணக்கிட்டால் ஐந்து முதல் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகிவிடுகின்றன. பெரிய மின்மாற்றிக்கு இன்று ஆணை கொடுத்தாலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். துணைமின் நிலையத்தைத் திறந்து வைப்பதில் எந்த அரசியல் தலைவருக்கும் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இந்த மாற்றத்தின் வேகத்தை இனி நிர்ணயிக்கப்போவது அதுதான் என்பது என் கணிப்பு.

மின்சாரத்தால் மட்டும் தீராத இடங்களும் உண்டு. சிமென்ட் சூளையில் இடப்படும் நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல், சுடப்பட்டதும் 44 கிலோ கரியமில வாயுவை விட்டுவிட்டு 56 கிலோவாகச் சுருங்குகிறது. சூளையை வெயிலால் சூடாக்கினாலும் இந்த வாயு வரத்தான் செய்யும், ஏனெனில் அது எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. வாயுவைப் பிடித்துப் புதைப்பது, சூளையில் உருவாகிச் சிமென்டாக அரைக்கப்படும் கிளிங்கரின் அளவைக் குறைப்பது போன்ற வழிகளே இதற்கு உள்ளன. எஃகில் நிலைமை சற்று நம்பிக்கையானது: சுவீடனின் ஹைப்ரிட் (HYBRIT) திட்டம், கோக் நிலக்கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, 2021இல் முதல் எஃகை வாடிக்கையாளருக்கு அனுப்பியது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜன் எங்கே தேவை என்று கேட்டால், உரமும் எஃகும்தான் முதலில் என்பேன். மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி மீண்டும் மின்சாரமாக்கிக் காரை ஓட்டினால் மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே தொலைந்துபோகிறது; அதையே பேட்டரியில் ஏற்றினால் பெரும்பகுதி சக்கரம் வரை போய்ச் சேர்கிறது.

கடைசியாக வட்டி. அனல் நிலையத்தின் செலவில் பெரும்பகுதி, அது இயங்கும் காலம் முழுவதும் வாங்கும் எரிபொருளாகப் பரவிக் கிடக்கிறது. சூரிய நிலையத்துக்கோ ஏறக்குறைய முழுச் செலவும் முதல் நாளே ஆகிவிடுகிறது. அதனால் ஒரே பலகை, ஒரே அளவு வெயில் என்றாலும், கடனுக்கு 4 விழுக்காடு வட்டி கொடுக்கும் நாட்டைவிட 10 விழுக்காடு கொடுக்கும் நாட்டில் யூனிட்டின் அடக்கவிலை வெகுவாகக் கூடிவிடுகிறது. வெயில் கொட்டிக் கிடக்கும் ஏழை நாடுகள் பலவற்றில் வட்டிதான் அதிகம். 2023 டிசம்பரில் துபாயில் ஐ.நா. காலநிலை மாநாட்டில் கூடிய நாடுகள் 2030க்குள் புதுப்பிக்கத்தக்க மின்திறனை மும்மடங்காக்க ஒப்புக்கொண்டன. அந்த மும்மடங்கில் எவ்வளவு இந்த நாடுகளுக்குப் போய்ச் சேரும் என்பதைக் கடன் உத்தரவாதமும் நாணய மாற்று இடரை யார் ஏற்பது என்ற பேரமும்தான் தீர்மானிக்கும். பலகையின் விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் வட்டி குறையப்போவதில்லை.