நான்கு குடங்களும் சிவப்பு மையும்: ஐந்து பாட்டுப் புதையல் வேட்டை, இதுவரை

எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமான கணக்கு வாத்தியார் ஒருவர் மயிலாடுதுறையில் இருக்கிறார். அவர் இந்தச் சித்திரையில் ஈரடிப் பாட்டுகள் ஐந்தையும், வரைகட்டத் தாளில் பென்சிலால் வரைந்த ஒரு படத்தையும் எனக்கு அனுப்பி வைத்தார். விடை டெல்டாவுக்குள் ஓர் இடம் என்றும், எதுவும் எங்கும் புதைக்கப்படவில்லை என்றும், இடத்தின் பெயரைக் காரணத்தோடு எழுதி அனுப்புகிறவர்களுக்கு நாச்சியார்கோயிலில் வார்த்த அன்னவிளக்கு ஒன்று தன் வீட்டு அலமாரியில் காத்திருக்கிறது என்றும் கூடவே எழுதியிருந்தார். வீட்டில் உட்கார்ந்தபடியே விடுவிக்கும் புதையல் வேட்டைகளைப் பற்றி அவரிடம் நான் பல ஆண்டுகளாகப் பேசிவந்ததன் விளைவு இது. தனியாக ஒரு வாரம் முட்டி மோதிய பிறகு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டேன். மன்னார்குடியில் தமிழ் கற்பிக்கும் டீச்சர், பொதுப்பணித்துறையில் லஸ்கராக, அதாவது மதகுகளையும் கரைகளையும் பார்த்துக்கொள்ளும் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றுத் திருக்காட்டுப்பள்ளியில் வாழும் என் சித்தப்பா, தஞ்சாவூரில் பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவது என்று முடிவாயிற்று.

பாட்டுகளைத் தொடுவதற்கு முன், விடை வெளியாகிவிட்ட ஒரு வேட்டையை நாங்களே நடந்து பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 1979-இல் வெளியிட்ட 'மாஸ்கரேட்' என்ற நூலில்தான் இந்த வகை வேட்டைக்கு இன்றுள்ள வடிவம் கிடைத்தது. அதில் 15 ஓவியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள சட்டத்தில் எழுத்துகள் இருக்கின்றன. ஓவியத்தில் உள்ள உயிர்களின் கண்ணிலிருந்து அவற்றின் மிக நீண்ட விரல் வழியாகக் கோடு இழுத்தால், அந்தக் கோடு சட்டத்தில் ஓர் எழுத்தில் போய் முட்டும். அப்படிச் சேரும் சொற்கள், சம இரவுபகல் நாளின் நண்பகலில் ஒரு நினைவுச் சிலுவைத் தூணின் நிழல் விழும் இடத்தைச் சொல்கின்றன. அந்தத் தூண் இங்கிலாந்தின் ஆம்ப்ட்ஹில் பூங்காவில் நிற்கிறது. நாங்கள் அச்செடுத்த படங்களின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தோம். மூன்றாவது படத்தில் கோடு தானாக எழுத்தைத் தொட்டபோது, "இதுக்கு மேலே யாரும் நம்மை ஏமாத்த முடியாது" என்று சித்தப்பா சொன்னார். அவர் சொன்னதன் பொருள் எனக்கு உடனே விளங்கியது. சரியான விடையில் ஒரே விதி எல்லாப் படங்களிலும் ஓடும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சமாதானம் சொல்ல வேண்டியிருந்தால், அது நாம் கட்டிய விடை.

அந்த வேட்டையின் முடிவு எனக்கு இன்றும் வருத்தம் தருவது. இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள் சேர்ந்து புதிரை முறையாக விடுவித்து எழுதிய கடிதம் போய்ச் சேர்வதற்குள், புதிரை முழுவதும் விடுவிக்காமலே இடத்தை எட்டிய வேறொருவர் அங்கே பரிசாகப் புதைத்திருந்த பொன் முயலை 1982-இல் எடுத்துச் சென்றுவிட்டார். அதே 1982-இல் அமெரிக்காவில் பைரன் பிரைஸ் 12 பெட்டிகளைப் புதைத்துத் தொடங்கிய வேட்டையில் இதுவரை மூன்றுதான் கிடைத்திருக்கின்றன. 1983-இல் சிகாகோவில் முதல் பெட்டியை எடுத்தவர்கள் மூன்று இளைஞர்கள்; 2004-இல் கிளீவ்லாந்தில் எடுத்தவர்கள் இருவர். பிரான்சில் 1993-இல் தொடங்கிய பொன் ஆந்தை வேட்டை முடிய 2024 வரை ஆயிற்று. இவற்றைப் படித்ததனால்தான் தனியாக உட்காருவதை விட்டுவிட்டு ஆள் தேடினேன்.

இனி எங்கள் பாட்டுகள். சுவாமிமலையைச் சுட்டிய மூன்றாம் பாட்டு எங்களைப் பத்து நிமிடம்கூடத் தாமதிக்க வைக்கவில்லை. அறுபது ஆண்டையும் ஒரே பொழுதில் ஏறச் சொல்லும் பாட்டு, பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுப் பெயர் தாங்கிய அறுபது படிகளைத் தவிர வேறெங்கும் போக இடம் தராது. அலை பாடும் ஊர்க்கரையில் பனிநாட்டார் வைத்துவிட்டுப் போன கல் எது என்று கேட்ட முதல் பாட்டு தரங்கம்பாடியில் முடிந்தது. டேனியர் 1620-இல் அங்கே கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். எந்தத் தறியும் காணாத பட்டு என்று தொடங்கிய நான்காம் பாட்டு பட்டுக்கோட்டை. இரண்டாவது பாட்டில்தான் முதன்முதலாகத் தடுமாறினோம்.

சரிபாதி வழிநின்றேன்; தலைவடக்கே, கடைதெற்கே;
விரியும் நிழல்மரத்தால் விளிப்பீர் என்பெயரை.

அண்ணன் மகள் இதைக் கணக்காகவே எடுத்துக்கொண்டாள். கல்லணையிலிருந்து கடல் வரை ஒவ்வோர் ஆற்றின் நீளத்தையும் நிலப்படத்தில் அளந்து நடுப்புள்ளி குறித்து, நடுப்புள்ளியில் ஆலமரம் உண்டா, புளியமரம் உண்டா என்று சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்ததும், "தலைமருது, இடைமருது, கடைமருது" என்று மூன்றே சொற்கள் சொன்னார். வடக்கே ஸ்ரீசைலம் தலைமருது, தெற்கே நெல்லைச் சீமையில் திருப்புடைமருதூர் கடைமருது, நடுவில் நிற்பது எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் திருவிடைமருதூர். மரம், மருதமரம். மூன்று தலத்துக்கும் அதுவே தலமரம். ஒரு சொல்கூட மிச்சமில்லை.

இந்த இடத்தில் எங்கள் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலையின் பாதி அதில்தான் நடந்தது. நீளமான கணக்கு நோட்டு ஒன்றில், பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி வரியில் இடப்பக்கம் எழுதினோம். அதற்கு நேரே, அந்தச் சொல் ஏன் அங்கே வந்தது என்பதற்கான காரணம். காரணம் கிடைக்காத சொல்லின் கீழே சிவப்பு மையில் கோடு. கூடிப் பேசுவதற்கு முன் இரண்டு நாள் அவரவர் தனியாக யோசித்து எழுதிக்கொண்டு வர வேண்டும். முதலில் பேசுகிறவரின் யோசனைக்குப் பின்னால் மற்ற மூவரும் இழுபட்டுப் போவதைத் தடுக்க இந்த ஏற்பாடு. ஒருவர் ஒரு விடை சொன்னால், அதை உடைக்கும் பொறுப்பு இன்னொருவருக்கு. உடைந்த விடையை அடிக்காமல், ஏன் உடைந்தது என்று பக்கத்தில் எழுதி வைத்தோம். இந்தக் கடைசி வழக்கம் இல்லையென்றால் ஆனி மாதம் முழுவதும் ஒரே வயலைச் சுற்றிச் சுற்றி வந்திருப்போம்.

நான்கு ஊர் கிடைத்தும் அவற்றை என்ன செய்வதென்று மூன்று வாரம் தெரியவில்லை. பாட்டுகள் ச, ச, ச, எ என்று தொடங்குகின்றன என்பதை முதல் நாளே நோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தேன். அது அங்கேயே கிடந்தது. ஒரு நாள் பரணைச் சுத்தம் செய்தபோது, தாத்தா காலத்துக் களத்துக் கணக்கு நோட்டு ஒன்று கையில் அகப்பட்டது. நெல் அளந்த வரிசையில், மரக்கால் என்ற சொல்லுக்கு முன்னால் 'ச' என்று எழுதியிருந்தது. இரண்டு வரி தள்ளி 'எ'. நான்கு மரக்கால், ஏழு மரக்கால். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சருக்கு அழைத்துச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "எட்டேகால் லட்சணமேன்னு ஔவை பாடினதா பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்றேன், எனக்குத் தோணலையே" என்றார். பழைய தமிழ் எண்களில் எட்டு 'அ', கால் 'வ'; எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். அந்தத் தனிப்பாடலின் பூட்டும் இந்தப் பூட்டும் ஒன்றே.

ஆக, தரங்கம்பாடியில் நான்காம் எழுத்து, திருவிடைமருதூரில் நான்காம் எழுத்து, சுவாமிமலையில் நான்காம் எழுத்து, பட்டுக்கோட்டையில் ஏழாம் எழுத்து. அண்ணன் மகள் கணினியில் எண்ணச் சொல்லிப் பார்த்தாள். கணினி 'தி' என்பதைத் தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டாக எண்ணியதால், பொருளற்ற குறிகள் வந்து விழுந்தன. டீச்சர் விரல் விட்டு எண்ணினார். த, ர, ங், க. ஒற்றும் ஓர் எழுத்துதான், உயிர்மெய்யும் ஓர் எழுத்துதான். தி, ரு, வி, டை. சு, வா, மி, ம. ப, ட், டு, க், கோ, ட், டை. நான்கையும் சேர்த்துப் படித்தபோது திண்ணையில் யாரும் பேசவில்லை.

கடைமடை.

டெல்டாக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு, பாசனத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம். மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்ததும் எங்கள் பக்கத்தில் அடுத்து எழும் கேள்வி, கடைமடைக்கு எப்போது வரும் என்பது. ஆனால் எந்த ஆற்றின், எந்த வாய்க்காலின் கடைமடை? அதற்குத்தான் ஐந்தாம் பாட்டு.

நால்வரில் இளையோர் நடந்த வழிநட;
வால்வரை சென்றால் வாய்திறக் கும்பொருள்.

படத்தில் நான்கு பெண்கள் வரிசையாகக் குடத்தோடு நிற்கிறார்கள். மூன்று குடங்களின் அடியில் கரி பிடித்திருக்கிறது. நான்காவது குடம் சுத்தமாக இருக்கிறது. அந்தக் கரியைப் பென்சிலை அழுத்தித் தேய்த்து வரைந்திருந்ததை முதலில் கவனித்தவள் அண்ணன் மகள்தான். "அத்தை, ஒண்ணு மட்டும் ஏன் புதுசு?" என்று கேட்டாள்.

நால்வர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் படித்த யாருக்கும் சமயக்குரவர் நால்வர்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களில் இளையவர் சம்பந்தர். பிறந்த ஊர் சீர்காழி. டீச்சர் சொன்ன இந்த விடையில் நாங்கள் இரண்டு வாரம் குடியிருந்தோம். சுத்தமான குடத்தை, குழந்தைக்கு ஞானப்பால் ஊட்டிய பொற்கிண்ணம் என்று விளக்கியது நான். 'வால்' என்பதற்கு அண்ணன் மகள் ஒரு காரணமும், நான் ஒரு காரணமும் எழுதினோம். இரண்டுமே இப்போது படிக்கக் கூசுகின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதை, மாஸ்கரேட் படங்களில் கோடு இழுத்த அதே கைகள் உணரவில்லை. விடையை உடைத்தவரும் டீச்சர்தான். "சம்பந்தருக்கு முத்துச்சிவிகை கிடைச்சுதே. அதுக்கு முன்னாலே அப்பா தோளிலே போனார். நடந்த வழின்னு வாத்தியார் எழுதுவாரா?" என்று கேட்டு, 'நடந்த' என்ற சொல்லின் கீழே அவரே சிவப்புக் கோடு போட்டார். தன் விடையைத் தானே அறுக்கும் அந்த நேர்மைக்காகவே அவரோடு இன்னும் பத்து வேட்டை ஆடலாம்.

சித்தப்பா அதுவரை அதிகம் பேசவில்லை. பாட்டுப் பொருள் தனக்குத் தெரியாது என்று எப்போதும் சொல்லிக்கொள்வார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, ஆளைத்தான் நால்வர்ங்கணுமா? ஆத்தைச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். பிறகு நோட்டின் பின் அட்டையில் கல்லணையை வரைந்தார். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய். தண்ணீர் நான்காகப் பிரியும் இடம். "மூணுக்கு வயசு யாருக்கும் தெரியாது. நாலாவது மேட்டூர் அணையோடே சேர்ந்து 1934-லே வந்தது. தஞ்சாவூர்க்காரங்க இன்னிக்கும் அதைப் புது ஆறுன்னுதான் சொல்றாங்க."

புது ஆறு. கரி பிடிக்காத குடம். தண்ணீர் நடக்கும் வழி. வால் என்றால் கடைமடை. நோட்டில் சிவப்பு மை ஒவ்வொன்றாகக் கருப்பானது. பட்டுக்கோட்டை அந்தக் கால்வாய்ப் பாசனத்தில் இருப்பதையும் சான்றாக எழுதிக்கொள்ளலாம் என்று டீச்சர் சொன்னபோது, மற்ற மூன்று ஊர்களும் அந்தக் கால்வாயில் இல்லை என்று அண்ணன் மகள் மறுத்துவிட்டாள்; அவள் சொன்னது சரி, அதை எழுதவில்லை.

கல்லணைக் கால்வாயின் கடைமடை என்று காரணங்களோடு எழுதி அனுப்பினோம். வாத்தியார் ஒரு வரியில் பதில் எழுதினார்: சொல் சரி, ஆறு சரி, இடம் இன்னும் வரவில்லை. அந்தக் கால்வாயிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் உண்டு. பேராவூரணிக்கு அந்தப் பக்கம், கடலை நெருங்கும் பகுதியின் நிலப்படத்தைச் சித்தப்பா தன் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தெரிந்த மதகுகளையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார். போய்ப் பார்ப்பதென்றால் கரைமேல் நடக்கலாம், கரையில் ஒரு கைப்பிடி மண்ணைக்கூடக் கிளறக் கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதை இரவெல்லாம் மணல்மூட்டை அடுக்கிப் பார்த்தவர் அவர்.

வருகிற ஞாயிறு திண்ணையில் கூடவில்லை. பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்தில் காலை ஏழு மணிக்குச் சந்தித்து, அங்கிருந்து பேராவூரணிப் பேருந்து பிடிப்பதாகத் திட்டம். நோட்டில் இன்னும் சிவப்பாக இருப்பது ஒரே சொல்: 'வாய்திறக்கும்'. அது ஷட்டராக இருக்கும் என்கிறார் சித்தப்பா. முகத்துவாரமாக இருக்கும் என்கிறார் டீச்சர்.