இந்த மதகு யாருடையது?

2025 மே 6 ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தெரிவாகி, இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரப் பக்கத்தில் ஒரு பிரதேச சபைக்கு உறுப்பினராகப் போனேன். அதற்கு முன் நான் முன்பள்ளி ஆசிரியை. வாக்குக் கேட்டுப் போன வீடுகளில் எல்லாரும் சொன்னது ஒரே விடயம்தான்: குளக்கட்டடி மதகு, வீதியில் வாய்க்காலைக் கடக்கும் சின்னப் பாலம். மாரி வெள்ளத்தில் அதன் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. பஸ் அதற்கு இப்பாலேயே திரும்பிவிடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸும் அதைத் தாண்டாது. பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாய்மாரை லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி மதகுவரை கொண்டுவந்து, கைத்தாங்கலாக இறக்கி நடத்தி, மறுபக்கம் ஏற்ற வேண்டும். எங்கள் மிட்வைஃப் அக்கா ஸ்கூட்டரை ஒரு வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளைகளை நிறுக்கும் தராசைத் தோளில் கொளுவிக்கொண்டு வெயிலில் நடந்து போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சபை கூடியதும் பிரேரணை கொடுத்தேன். ஒருவர் வழிமொழிந்தார், எதிர்ப்பே இல்லை, ஏகமனதாக நிறைவேறியது. அதோடு சரி. பிறகு விசாரித்தபோது தொழில்நுட்ப உத்தியோகத்தர் தம்பி சொன்னார்: "அக்கா, அந்த மதகு எங்கட லிஸ்டில இல்ல. நாங்க மதிப்பீடு போட்டா கணக்காய்வில பிடிப்பாங்க."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வகுப்பு மாகாணத்துக்கு. கிராமத்து வீதிகள் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கு. எங்கள் வீதியின் முன்பகுதி மாகாணத்தினுடையது, ஊருக்குள் போகும் பகுதி சபையினுடையது, நடுவில் வரும் குளக்கட்டு இன்னொரு திணைக்களத்தினுடையது. மதகு நிற்பது இந்த மூன்றும் தொடும் இடத்தில். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். மரியாதைக்குக் குறைவில்லை, கதிரை தந்தார்கள், தேநீர் தந்தார்கள். பதில் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "அது எங்களுக்குரியது இல்ல, அங்க கேட்டுப் பாருங்க."

எனக்கு வந்த கோபம் அந்த மேசைகளில் இருந்தவர்கள் மேல் அல்ல. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும்தான் நிர்வாகம். பிரதேச சபைகளும் 2023 மார்ச் முதல் இந்தத் தேர்தல் வரை உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களின் கையில் இருந்தன. கிராமத்து ஆஸ்பத்திரியும் பாடசாலையும் பெரும்பாலும் மாகாணத்துக்குக் கீழேதான் வருகின்றன. அங்கே எழுந்து நின்று "எங்கள் ஊர் மதகு என்ன ஆச்சு?" என்று கேட்க, மக்கள் தெரிவு செய்த ஆள் ஒருவர்கூட இல்லை. இத்தனை வருடம் கேட்பாரில்லாமல் கிடந்தால் மதகு இடியாமல் என்ன செய்யும்?

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருக்கிறார். "பிள்ளை, இனி வாயால கேக்காத. எழுத்தில கேள்" என்றார். அவர்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுக்க வைத்தவர். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். உறுப்பினர்தான் என்றில்லை, எந்தப் பிரஜையும் கேட்கலாம்.

மூன்று இடத்துக்கும் ஒரே கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இந்த மதகு உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா? கடைசியாக எப்போது, எவ்வளவு செலவில் திருத்தினீர்கள்? இல்லையென்றால், இல்லை என்று கையொப்பத்தோடு தாருங்கள். இந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. 'எங்களுடையது இல்லை' என்று வாயால் சொல்ல ஒரு நொடி போதும். கையொப்பம் வைத்துச் சொல்வதென்றால் பதிவேட்டைத் திறந்து பார்த்தாக வேண்டும். இரண்டு இடத்திலிருந்து 'இல்லை' என்று எழுத்தில் வந்தது. மூன்றாவது இடமான குளக்கட்டுக்குரிய திணைக்களம் மௌனம். மேன்முறையீட்டைக் கேட்பதற்கென்று அங்கே குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு எழுதிய பிறகுதான் வரைபடத்தின் பிரதி வந்தது. குளத்தின் மேலதிக நீர் ஓடும் வாய்க்காலோடு சேர்த்து, மதகும் அதில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தது.

அந்தப் பிரதியை, திணைக்களங்கள் எல்லாம் ஒன்றாக உட்காரும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்குக் கொண்டு போனேன். அதைவிடப் பலன் தந்தது, போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம். அங்கே கமக்காரர் அமைப்புத் தலைவரைக்கொண்டு கேட்கவைத்து, பதிலைக் கூட்டறிக்கையில் ஏற்றுவித்தோம். நெல் வெட்டி முடிந்த கையோடு வேலை தொடங்கியது. இப்போது மிட்வைஃப் அக்காவின் ஸ்கூட்டர் ஊருக்குள்ளேயே வருகிறது.

பஸ் இன்னும் வரவில்லை. மதகுக்கு அப்பால் உள்ள குழிகளுக்குக் கிரவல் போட்டால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பகுதி எங்கள் சபைக்குரியது. எங்களைப் போன்ற கிராமத்துச் சபைக்கு ஆதன வரி வருமானம் மிகக் குறைவு, அதனால் காசு இல்லை என்ற பதில் தயாராக இருக்கும் என்று தெரியும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஒதுக்கீடு கேட்டு, உழவு இயந்திர வாடகை முதல் கிரவல் லோட் வரை கணக்குப் போட்டுத் தவிசாளரிடம் கொடுத்திருக்கிறேன். முடியாது என்றால், அதையும் கையொப்பத்தோடு தரச் சொல்லித்தான் கேட்பேன்.