சத்தமில்லாத பெட்டி

"இன்னும் ஆன் பண்ணலையாடா?" என்று அம்மா கேட்டார். கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

எனக்கு அது போதும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் ஹால் சின்னது, டிவிக்கும் அம்மா கட்டிலுக்கும் நடுவே நாலடிதான். டிவியோடு இணைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியில், சூட்டைத் தணிக்கும் 80 மில்லிமீட்டர் ஃபேன் விர்ரென்று கத்தும், படத்தில் யாராவது மெதுவாகப் பேசினால் காதில் விழாது. இந்த முறை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்து 120 மில்லிமீட்டர் ஃபேன் வாங்கினேன். இறக்கை பெரிது என்பதால் மெதுவாகச் சுற்றினாலே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சிப்பிலேயே எல்லாவற்றையும் சேமிக்கும் எஸ்எஸ்டி, அதில் சுழலும் பாகமே கிடையாது.

அப்புறம் ஒரு படம் போட்டேன். அதில் மழை. ஓட்டிலிருந்து சொட்டும் துளிகள்கூடத் தனித்தனியாகக் கேட்டன.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "மாடியில் துணி காயுது, ஓடு" என்றார்.