ரெட்டேரியில் மீன் கணக்கெடுக்க நாங்கள் பட்ட பாடு

சென்னை கொளத்தூரை ஒட்டிய ரெட்டேரியில் என்னென்ன மீன் மிஞ்சியிருக்கிறது என்று கணக்கெடுக்க எங்கள் ஏரிக் குழுவும் ஒரு கல்லூரியும் சேர்ந்து இறங்கினோம். வலை போட்டது, அளந்தது, படம் பிடித்தது எல்லாம் தடையில்லாமல் நடந்தது. காகிதம்தான் உயிரை வாங்கியது.

பதிவு செய்யாத குழுவோடு கல்லூரி ஒப்பந்தம் போடாது. "வாட்ஸ்அப் குரூப்போட எல்லாம் கையெழுத்து போட முடியாது சார்" என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும், அது பிரச்சினையில்லை. சங்கத்தின் முகவரியாகக் கொடுத்தது ஒரு வாடகை வீடு. வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்துக்காகவே பல வாரம் போயிற்று. சொந்த வீடு உள்ள உறுப்பினர் யாராவது இருந்தால் அவர் முகவரியையே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஏரிக்குள் இறங்க அனுமதி. ஒரு அலுவலகத்தில் மனுவைப் படித்துப் பார்த்துவிட்டு, "தண்ணிதான் எங்களுது, மீன் எங்களுது இல்ல" என்றார் எழுத்தர். மீனுக்கு உரிய இடத்தில் கேட்டால், முதலில் தண்ணீர்க்காரரிடம் வாங்கி வா என்றார்கள். கடைசியில் ஒரே மனுவை இரண்டு இடத்துக்கும் முகவரியிட்டு, ஒன்றின் நகலை மற்றொன்றில் இணைத்துக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. தபால் பிரிவில் உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். எங்கள் முதல் மனு "வரவே இல்லை" என்றார்கள். சீலைக் காட்டியதும் கிடைத்துவிட்டது.

பேராசிரியர் மீன் துடுப்புத் துணுக்குகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணு பார்க்க நினைத்திருந்தார். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் வந்த பிறகு அது சும்மா நடக்கிற காரியமில்லை. தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். இங்கேயே பார்க்கலாமே என்று நாங்கள் விடாமல் கேட்க, அவரும் ஒத்துக்கொண்டார். அந்த ஓர் அலைச்சலிலிருந்து மட்டும் தப்பித்தோம்.

இனிமேல்தான் உச்சம். மீன்பிடிக்கும் அண்ணன் ஒருவரின் படகுக்கு வாடகை கொடுக்க மூன்று கொட்டேஷன் வேண்டுமாம்! அந்தப் பக்கத்தில் படகு வைத்திருப்பவரே அவர் ஒருவர்தான். விஷயத்தைச் சொன்னதும், "நானே மூணு கையெழுத்துல எழுதிக் குடுத்துரட்டா சார்?" என்று சிரித்தார். முடிவில் எங்கள் சங்கம் பணத்தைக் கொடுத்துவிட்டு, களப்பணிச் செலவு என்று கல்லூரிக்கு ரசீது போட்டது. அந்தப் பணம் இன்னும் வரவில்லை.

அந்தப் படகுக்கார அண்ணன் இல்லாவிட்டால் கணக்கெடுப்பே இல்லை. வலையில் விராலையும் ஜிலேபியையும்விட அதிகம் சிக்கியது 'டேங்க் கிளீனர்', அதாவது கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னட்டும் என்று விடும் தென் அமெரிக்க மீன். பக்கத்திலேயே கொளத்தூர் வண்ண மீன் கடைகள். வாங்கியவர்கள் அது பெரிதானதும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது. உடம்பெல்லாம் தகடு, துடுப்பில் முள். வலைக் கண்ணில் மாட்டினால் உருவ வராது, நூலை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் வலையில் ஒரு ஓட்டை. அந்த நஷ்டத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

ஆனால் ஒப்பந்த வரைவில் எங்களுக்கும் அவருக்கும் சேர்த்துக் கிடைத்த பெயர் 'உள்ளூர்த் தன்னார்வலர்கள்'. தரவு முழுக்கக் கல்லூரிக்கே. இதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மூலத் தரவின் நகல் எங்களுக்கு, பட்டியலில் தமிழ்ப் பெயருக்கு ஒரு பத்தி, அறிக்கையில் மீனவர்களின் பெயர். மூன்றையும் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்து போட்டோம். கையெழுத்து ஆன பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

அனுமதிக் கடிதத்தில் முடிவுத் தேதியையும் பாருங்கள். எங்களுக்குக் கோடை வரைக்கும்தான் கொடுத்திருந்தார்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் இன்னொரு முறை பார்க்காமல் கணக்கு முழுமையாகாது. நீட்டிப்புக்கு மறுபடி மனு கொடுத்திருக்கிறோம். அந்த எழுத்தர் மாற்றலாகிப் போய்விட்டாராம். புதியவர் ரெட்டேரி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.